பத்து வாட்டில் கேட்டிருக்கும்

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்து, மஸ்கட் ஆஸ்பத்திரி வேலை உறுதியாகிவிட்டது என்று சொன்னபோது அப்பாவும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நேர்காணலில் என்ன கேட்டார்கள் என்று உன்னிடம் விசாரிக்கச் சொன்னது அவர்தான். நீ சிரித்தாய். மெஷின்களைப் பற்றி ரொம்பக் கேட்கவில்லை, இந்த வேலைக்கு எப்படி வந்தாய் என்று கேட்டார்கள், நான் உன் ரிப்பீட்டர் கதையைச் சொன்னேன் அம்மா என்றாய். பழைய வண்டிகளின் வயர்லெஸ் செட்டுகளை வைத்து என் அம்மா மலைமேல் ஒரு ரிப்பீட்டர் அமைத்தாள், பெருமழையில் போன்கள் எல்லாம் செத்த பிறகு முப்பது மணி நேரம் அது ஒன்றுதான் பேசியது, மின்னல் விழுந்துதான் நின்றது என்று சொன்னாயாம். எதிரே இருந்தவர் எழுந்து கை கொடுத்தாராம். நான் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். அம்மாவுக்குச் சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நீ நினைத்திருப்பாய்.

மின்னல் விழவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ நடுவில் ஏதாவது ஆறுதல் சொல்வாய், நானும் அதைப் பிடித்துக்கொண்டு பாதியில் நிறுத்திவிடுவேன். இதை நீ மட்டும் படிக்கப்போவதில்லை. ஒரு பிரதி உத்தமபாளையத்துக்குப் போகிறது, இன்னொன்று நம் ஊர் வாசகசாலைப் பலகையில் ஒட்டப்படும். அதனால் உனக்கு ஏற்கெனவே தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பெண். பாலிடெக்னிக் முடித்து, கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கும் வேலையில் ஆறு வருஷம் இருந்தேன். உன் அப்பா அங்கே சரக்கு ஏற்றும் பிரிவில் இருந்தார். சக்குபள்ளத்தில் எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர், சர்ச்சுக்குப் போகிறவர். எங்கள் வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. கல்யாணம் முடிந்து நான் மலையேறி வந்தபோது, கையில் தொழில் இருந்தது, அதைச் செய்ய இடமில்லை. அக்கம்பக்கத்து மிக்சிக்கும் டிவிக்கும் ஈயம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து எஸ்டேட்டில் எலெக்ட்ரீஷியனாக இருந்த அந்தோணி அண்ணன் ஒரு நாள் பழுதான வயர்லெஸ் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். நான் பழுதைக் கண்டுபிடித்ததும், உரிமம் வாங்கி நாமே வானொலியில் பேசலாம், ஹாம் என்று சொல்வார்கள், பரீட்சை எழுதுகிறாயா என்று கேட்டார். இரண்டு பேரும் சேர்ந்தே படித்தோம், சேர்ந்தே எழுதினோம். என் கைவேலையை வேலை என்று இந்த மலையில் முதலில் மதித்தவர் அவர். அதை மறக்காமல் இதன் மீதியைப் படி.

நம் மலையில் ஒரு பக்கம் பேசினால் மறுபக்கம் கேட்காது. நடுவில் இருக்கும் மேட்டில் ஒரு ரிப்பீட்டர் இருந்தால், பள்ளத்திலிருந்து ஒருவர் பேசுவதை அது வாங்கி, அதே நேரத்தில் வேறொரு அலைவரிசையில் பலமாகத் திருப்பிச் சொல்லும். அப்படி ஒன்று வைக்க வேண்டும் என்று அண்ணன் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். புதிதாக வாங்க வழியில்லை. கஞ்சிக்கோட்டில் என்னோடு வேலை பார்த்த தோழி ஒருத்தி, அங்கே ஒரு கம்பெனியின் காவல் வண்டிகளில் இருந்த பழைய வயர்லெஸ் செட்டுகளைக் கழிக்கப்போகிறார்கள் என்று சொன்னாள். நானும் அப்பாவும் போய் ஆறு செட்டுகளை அரிசிச் சாக்கில் கட்டி பஸ்ஸில் கொண்டுவந்தோம். அதில் நாலுக்கு உயிர் இருந்தது. நீ அப்போது பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாய். உன் படிப்பு மேஜையை நாங்கள் பறித்துக்கொண்டோம். எட்டு மாதம் நீ கட்டிலில் உட்கார்ந்து படித்தாய், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒரு செட்டு கேட்க, இன்னொரு செட்டு பேச. சொன்னால் இவ்வளவுதான். ஆனால் பேசுகிற செட்டு வாயைத் திறந்தால் கேட்கிற செட்டு செவிடாகிவிடும், இரண்டும் அவ்வளவு பக்கத்தில். ஒரு ஆன்டெனாவைக் கம்பத்தின் உச்சியில் வைத்து, இன்னொன்றை எடுத்துக்கொண்டு அண்ணன் சரிவில் அடி அடியாகக் கீழே இறங்குவார். நான் மேலே உட்கார்ந்து, இப்போது பரவாயில்லை, இன்னும் போங்க என்று கத்துவேன். அட்டை கடித்து அவர் காலெல்லாம் ரத்தமாக இருக்கும். அதையும் சரிசெய்தோம். அடுத்தது சூடு. வண்டியில் வைக்கிற செட்டு, டிரைவர் அரை நிமிஷம் பேசி ஐந்து நிமிஷம் கேட்பதற்காகச் செய்யப்பட்டது. ரிப்பீட்டரில் யார் பேசினாலும் அதுவும் சேர்ந்து பேச வேண்டும். அடுத்தடுத்துப் பத்துப் பேர் பேச வந்தால் அதற்கு மூச்சுவிட நேரமில்லை, உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் வெந்துபோகும். அதனால் இருபத்தைந்து வாட் கொடுக்கக்கூடிய செட்டைப் பத்து வாட்டில் நிறுத்தினோம். உள்ளே ஒரு சின்னத் திருகு, அதைத் திருப்பினால் பவர் கூடும், குறையும். பத்தில் நிறுத்திய இடத்தில் அண்ணன் சிவப்புப் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்தார். இதற்கு மேலே போகக்கூடாது தங்கச்சி என்றார். எனக்கு அது தெரியாததில்லை. சூட்டில் வெந்த போர்டுகளைக் கஞ்சிக்கோட்டில் கூடை கூடையாகப் பார்த்தவள் நான்.

அனுமதியெல்லாம் வாங்கி ரிப்பீட்டரை மேட்டில் வைத்தபிறகு, தாலுகா ஆபீசிலிருந்து இரண்டு பேரும், வெளியூர் ஹாம்கள் சிலரும் பார்க்க வந்தார்கள். மழைக்காலத்தில் முகாம் நடக்கிற பள்ளிக்கூடத்திலிருந்து பேசிக் காட்டச் சொன்னார்கள். பள்ளிக்கூடம் ஆழமான பள்ளத்தில் இருக்கிறது. குரல் வந்தது, கூடவே கரகரவென்று இரைச்சலும் வந்தது. என்ன சொன்னார்கள் என்பது புரிந்தது. ஆனால் வெளியூர்க்காரர் ஒருவர் அண்ணனைப் பார்த்து, செட்டை அடுப்படியில் வைத்துச் செய்தீர்களோ, வறுக்கிற சத்தம் கேட்கிறதே என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன், இதைச் செய்தது இந்தத் தங்கச்சிதான் என்று சொன்னார். அதைக் கேட்டு வெளியூர்க்காரர் இன்னும் கொஞ்சம் சிரித்து, உதவி செய்தாரா, நல்லது, நல்லது என்றார். நான் எல்லாருக்கும் டீ கொடுத்தேன்.

மறுநாள் காலையில் தனியாக மேட்டுக்குப் போனேன். செட்டைத் திறந்து, திருகைச் சிவப்புப் புள்ளியைத் தாண்டிக் கடைசி வரைக்கும் திருப்பினேன். இரண்டு நிமிஷ வேலை. இறங்கி வந்து பள்ளிக்கூடத்திலிருந்து பேசிப் பார்த்தேன். பக்கத்து அறையில் பேசுவதுபோலக் கேட்டது. அந்த வாரமே அந்த வெளியூர்க்காரர் தன் ஊரிலிருந்து கூப்பிட்டு, இப்போது பிரமாதமாக இருக்கிறது என்றார். அண்ணன் சாயங்காலம் வீட்டுக்கு வந்து என்ன செய்தாய் என்று கேட்டார். கேபிள் மூட்டுகளை மறுபடி ஈயம் வைத்தேன் என்றேன்.

"பவர் கூட்டலயே?"

"இல்லீங்கண்ணா."

அவர் நம்பினார். எட்டு மாதம் ஒரே மேஜையில் உட்கார்ந்திருக்கிறோம், ஏன் நம்பாமல் இருப்பார்? நாளைக்கு ஒரு பெரிய மின்விசிறி வாங்கி வைத்துவிடலாம், மழைக்கு முன்னால் திருகைக் குறைத்துவிடலாம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஒரு வருஷத்துக்கு மேல் அது ஒரு பழுதும் இல்லாமல் ஓடியது. ஓடுகிறதே என்று விட்டுவிட்டேன். நீயும் பிளஸ் டூ முடித்துக் கோயமுத்தூர் காலேஜில் சேர்ந்துவிட்டாய்.

அந்த மழையில் நீ ஹாஸ்டலில் இருந்தாய். உனக்கு வந்துசேர்ந்தது செய்தி மட்டும்தான். இரண்டாம் நாளே கரண்ட் போனது, போன் டவர்களும் போயின. மேட்டில் ரிப்பீட்டர் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரியைப் பார்த்துக்கொள்வது அண்ணன் பொறுப்பு. மழை தொடங்கும் முன்பே இரண்டு புதிய பேட்டரிகளை அவரும் அப்பாவும் தோளில் சுமந்து ஏற்றியிருந்தார்கள். நான் பள்ளிக்கூட முகாமில் ஒரு செட்டோடு உட்கார்ந்தேன். வில்லேஜ் ஆபீஸ், ஆரம்ப சுகாதார நிலையம், மூன்று ஜீப்புகள், எல்லாம் என் வழியாகத்தான். அந்த மூன்று ஜீப்காரர்களுக்கும் அண்ணன்தான் பாடம் சொல்லிக்கொடுத்துப் பரீட்சை எழுத வைத்திருந்தார். அவர்களில் ஒருவன் ஜோசப். பத்தாம் வகுப்பு வரைக்கும் உன்னைப் பள்ளிக்குக் கூட்டிப்போனவன், பாட்டுச் சத்தம் கேட்டாலே ஜீப் வருகிறது என்று நீ பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவாயே, அவன்தான். யாரும் ஓய்வாகப் பேசவில்லை. ஒருவர் முடித்தால் அடுத்தவர். அரிசி இல்லை, மாத்திரை இல்லை, இங்கே சுவர் விழுந்துவிட்டது, அங்கே ஒரு கர்ப்பிணி. எனக்கு நடுவில் ஒருமுறை பயம் வந்தது. செட்டு சூடாகுமே, எல்லாரும் கொஞ்சம் சுருக்கமாகப் பேசுங்கள் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் ஏன் என்று அண்ணன் கேட்பார். சொல்லவில்லை.

மறுநாள் மதியம் பஞ்சாயத்து மெம்பர் நனைந்துகொண்டே ஓடிவந்தார். கீழ்ரோட்டில் வளைவுக்குப் பக்கத்தில் நிலத்தில் விரிசல் விட்டிருக்கிறது, உருள்பொட்டல் வரும், மலை சரிந்து ரோட்டில் விழும், எந்த வண்டியும் அந்த வழியில் வரக்கூடாது என்றார். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால்தான் ஜோசப் என்னிடம் பேசியிருந்தான். ஒரு பெரியவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றியிருக்கிறேன், கீழ்ரோடா மேல்ரோடா என்று கேட்டான். நான்தான் கீழ்ரோடு என்றேன், அப்போது எனக்கு வந்திருந்த தகவல் அது. பட்டனை அழுத்தி, ஜோசப், கீழ்ரோடு வேண்டாம், நில் என்றேன். பட்டனை விட்டதும் ரிப்பீட்டர் ஒரு சின்னச் சத்தம் கொடுக்கும், கேட்டுவிட்டேன் என்று சொல்வதுபோல. அது வரவில்லை. மறுபடி அழுத்தினேன். மறுபடியும். எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது கண்ணு. என்ன ஆகியிருக்கும், எந்த டிரான்சிஸ்டர், எதனால், எல்லாம் தெரிந்துவிட்டது. ரிப்பீட்டர் இல்லாமல் நேராகக் கூப்பிட்டுப் பார்த்தேன், நடுவில் மலை. ஒரு பையனை பைக்கில் அனுப்பினார்கள், மரம் விழுந்த இடத்தில் அவன் பைக்கைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறான். அவன் போய்ச் சேரும்போது வளைவே இல்லை. பெரியவரைக் கால் முறிந்த நிலையில் உயிரோடு எடுத்தார்கள். ஜோசப்பை மறுநாள்தான் எடுக்க முடிந்தது.

அன்று சாயங்காலம் தாசில்தார் வந்து செட்டு ஏன் நின்றது என்று கேட்டார். மின்னல் விழுந்திருக்கும் சார் என்றேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாயில் தயாராக இருந்ததுபோல வந்தது. அவர் தலையாட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போனார். அந்தத் தலையாட்டலில் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

ஜோசப்பை அடக்கம் செய்த மறுநாள், மழை விட்டதும் அந்தோணி அண்ணன் மேட்டுக்குப் போய்ப் பேசுகிற செட்டைக் கழற்றிக் கொண்டுவந்தார். அப்பா வேலைக்குப் போயிருந்தார். மேஜையில் வைத்து, மூடியைத் திறந்து, என் பக்கம் திருப்பினார். டிரான்சிஸ்டர் கருகி, பக்கத்துப் போர்டு பழுப்பாகியிருந்தது. திருகு, சிவப்புப் புள்ளியிலிருந்து வெகுதூரத்தில் இருந்தது.

"மின்னல்னா கேபிள்ல கருகிருக்கணும் தங்கச்சி. கேபிள் புதுசாட்டம் இருக்கு."

அவர் விரல் திருகுக்கு வந்தது.

"பத்து வாட்டுல கரகரன்னுதான் கேட்டுருக்கும். ஆனா கேட்டுருக்கும்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். செட்டின் மூடியைத் திரும்பப் போட்டுவிட்டு, நான் சொன்னால் அது உன்னைக் காட்டிக்கொடுத்ததுபோல ஆகும், நீயே ஜோசப் வீட்டில் சொல்லிவிடு, நானும் உன்கூட வருகிறேன் என்றார். சரி என்று தலையாட்டினேன். எப்போது போகலாம் என்று கேட்டார். இந்த வாரம் போகட்டும், பதினாறாம் நாள் கழியட்டும் என்றேன். பதினாறு கழிந்தது. அப்புறம் நாற்பது கழியட்டும் என்று சொன்னேன். அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை.

இதைவிட மோசமானது இனிமேல்தான் வருகிறது. ஊரில் சிலர், அன்றைக்கு மழைதானே பெய்தது, இடி ஒன்றும் கேட்கவில்லையே என்று பேசத் தொடங்கினார்கள். அப்படியானால் ஏன் நின்றது? பேட்டரி தீர்ந்திருக்கும். பேட்டரி யார் பொறுப்பு? அந்தோணி. இரண்டு வாரத்தில் அது நடந்த விஷயமாகவே ஆகிவிட்டது. கடையில், சர்ச்சு வாசலில், எல்லா இடத்திலும் பேசினார்கள். பாவம் அந்த அம்மா, மின்னல் என்று சொல்லி அந்த ஆளைக் காப்பாற்றப் பார்க்கிறது என்று என்னைப் பாராட்டினார்கள். நான் மறுக்கவில்லை. வாசகசாலையில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்களே, நீ லீவு போட்டு வந்து படம் எடுத்தாயே, அந்தப் படத்தை எடுத்துப் பார். கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் நிற்பவர் அண்ணன். நான் மைக்கைப் பிடித்தபோது அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்வேன் என்று நினைத்துத்தான் வந்திருந்தார். நான் எல்லாருக்கும் நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அடுத்த வருஷம் அவர் வேலையை விட்டுவிட்டு உத்தமபாளையத்தில் மகள் ரோஸ்லின் வீட்டுக்குப் போய்விட்டார். தன் செட்டுகளை எல்லாம் பிரித்து என் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனார். வயசாகிவிட்டது, ஆசை விட்டுப்போச்சு என்று உன்னிடம் நான் சொன்ன காரணமும் பொய்தான்.

ஜோசப்பின் மனைவி புஷ்பத்தை உனக்குத் தெரியும். அவளுடைய இரண்டு பெண்களுக்கும் இத்தனை வருஷமும் நான்தான் கணக்கும் சயின்சும் சொல்லிக்கொடுத்தேன். நோட்டு வாங்கிக்கொடுத்தேன், காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எவ்வளவு நல்ல மனசு உன் அம்மாவுக்கு என்று நீயே சொல்லியிருக்கிறாய். செய்ததில் தப்பில்லை, ஆனால் எதற்காகச் செய்தேன் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு நோட்டையும் கொடுத்துவிட்டு, இன்றைக்குச் சொல்ல வேண்டாம் என்று வீட்டுக்கு வந்தேன். நீ வாழ்க்கையில் யாருக்காவது தீங்கு செய்துவிட்டால், அதைச் சொல்வதற்குப் பதிலாக அவர்களுக்கு நல்லது செய்துகொண்டிருக்காதே. அவர்கள் உனக்கு நன்றி சொல்லும்படி ஆகிவிடும். புஷ்பம் ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் பலகாரம் கொண்டுவந்து கொடுப்பாள். நான் அதைத் தின்றிருக்கிறேன்.

போன மாதம் அந்தோணி அண்ணன் இறந்துபோனார். ஞாயிறு பூசையில்தான் அறிவித்தார்கள். நானும் அப்பாவும் உத்தமபாளையத்துக்குப் போனோம். கல்லறைத் தோட்டத்தில் எனக்குப் பின்னால் நின்ற இருவர் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர், இவர் யார் என்று கேட்டார். மற்றவர், மேலே மழை நேரத்தில் பேட்டரியைக் கவனிக்காமல் விட்டு ஒரு டிரைவர் செத்தானே, அந்த ஆள் என்றார். ரோஸ்லின் எனக்கு முன்னால்தான் நின்றாள். அவள் காதில் அது விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டாள். தன் அப்பாவைப் புதைக்கிற நேரத்தில், அவருக்காக வெட்கப்பட்டு ஒரு பெண் தலை குனிந்ததை நான் பார்த்தேன். அப்போதுகூட நான் வாயைத் திறக்கவில்லை. பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்தேன். மூன்று வாரம் கழித்து நீ போன் செய்து, என் பொய்யைச் சொல்லி ஒரு வேலை வாங்கியிருக்கிறாய் என்று சந்தோஷமாகச் சொன்னாய். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

போனை வைத்ததும் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்தார். மறுநாளும் பேசவில்லை. அண்ணனோடு அந்தப் பேட்டரியைச் சுமந்து ஏற்றியது அவர் தோள். ஊரில் அண்ணனைப் பேசியபோது, பேச்சு என் பக்கம் திரும்பிவிடக்கூடாது என்று எனக்காகத்தான் அவரும் பேசாமல் இருந்திருக்கிறார், பேட்டரி புதுசு என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அதுவும் அவருக்கு இப்போதுதான் உறைத்தது. மூன்றாம் நாள் காலையில், "மகனுக்கு நீயே எழுது. நான் சொன்னா உனக்குச் சாதகமாச் சொல்லிருவேன்" என்றார்.

அதற்கு முன்னால் ரோஸ்லினைப் பார்க்கப் போனேன். அவள் என்னை உட்காரச் சொல்லவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, அப்பா சாகிறவரைக்கும் எங்களிடம்கூட இதைச் சொல்லவில்லை என்றாள். ஏன் சொல்லவில்லை என்று என்னைக் கேட்டாள். எனக்கென்ன தெரியும்? நானே சொல்வேன் என்று காத்திருந்தார் என்றுதான் நினைக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். "எழுதிக் குடுங்க. வாயால சொன்னது இங்கயே போயிரும். எங்கப்பா பேரைச் சொன்ன இடத்துல எல்லாம் அது இருக்கணும்" என்றாள். உனக்கு எழுதுகிற கடிதம் ஊருக்கும் எழுதுகிற கடிதமாக ஆனது அப்படித்தான்.

நீ போகப்போவது ஆஸ்பத்திரி மெஷின்களைப் பார்க்கிற வேலைக்கு. இது சரியாக இருக்கிறது என்று நீ கையெழுத்துப் போட்டபிறகுதான் அதை ஒரு நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்தில் வைப்பார்கள். உன் கையாலும் ஒரு நாள் தப்பு நடக்கும். யாராவது கேலி செய்வார்கள், நீ ஒரு திருகைத் திருப்பிவிடுவாய். நான் செய்ததை வைத்து ஒன்று சொல்கிறேன். யாரும் கேட்பதற்கு முன்னால், அன்றைக்கே, உன் கை என்ன செய்தது என்று சொல்லிவிடு. நான் அந்த மேட்டிலிருந்து இறங்கிய சாயங்காலமே அண்ணனிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் திட்டிவிட்டு, மறுநாள் போய்த் திருகைக் குறைத்திருப்பார். அவ்வளவோடு முடிந்திருக்கும். ஒரு வருஷம் கழித்துச் சொல்ல வேண்டியிருந்தபோது அதில் ஒரு சாவு சேர்ந்துவிட்டது. இன்னும் சில வருஷம் போனபோது இன்னொருவருடைய பெயரும் போயிருந்தது. அந்த நேர்காணல் விஷயத்தை நீ என்ன செய்வாய் என்பது உன் முடிவு. வேலைக்கு உன் படிப்பு போதும் என்றுதான் நான் நம்புகிறேன். ஆனால் இனி எங்கேயாவது என் கதையைச் சொன்னால் முழுதாகச் சொல். சொல்ல முடியாவிட்டால் சொல்லாதே.

கடைசியாக, நேற்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன். வண்டன்மேட்டுப் பக்கம் ஏலக்காய் ஸ்டோரில் புஷ்பம் காய் தரம் பிரிக்கிற வேலையில் இருக்கிறாள். மத்தியானம் அங்கே போனேன். பத்துப் பன்னிரண்டு பெண்கள் நீள மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நிமிஷம் வெளியே வா என்று கூப்பிட்டேன். கையில் வேலை இருக்கிறது, இங்கேயே சொல்லுங்கள் அக்கா என்றாள். அதுவும் சரிதான் என்று, எல்லார் காதிலும் விழும்படி நின்றபடியே சொன்னேன். திருகிலிருந்து தொடங்கி, தாசில்தாரிடம் சொன்ன பொய், அந்தோணி அண்ணன் மேல் விழுந்த பழி, எல்லாவற்றையும். முதலில் அவள் கை காயைப் பிரித்துக்கொண்டே இருந்தது. பாதியில் நின்றுவிட்டது. அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தாலும் நன்றாக இருந்திருக்கும். அவள் வேறொன்று கேட்டாள்.

"அப்ப அவரு செட்டை அமத்தி வைக்கலயா?"

எனக்குப் புரியவில்லை. இல்லை, ஜீப்பை மேலே எடுத்தபோது செட்டை என் கையில்தான் கொடுத்தார்கள், அதன் சுவிட்ச் ஆனில்தான் இருந்தது என்றேன்.

"அவருக்குப் பாட்டுக் கேட்டுக்கிட்டே ஓட்டணும். கரகரங்குதுன்னு செட்டை அமத்திருவாரு, நான் எத்தனையோ தடவ சண்ட போட்டுருக்கேன். நீங்க கூப்புட்டு அவரு எடுக்கலன்னு சொன்னாங்க. மின்னலு, பேட்டரின்னதெல்லாம் என் ஆறுதலுக்குச் சொல்றாங்க, அன்னைக்கும் அமத்திட்டாருன்னு நெனச்சேன். ரெண்டு பிள்ளைகளை விட்டுட்டுப் பாட்டுக் கேட்டா செத்தன்னு, பெட்டிய மூடும்போதும் திட்டுனேன்." மடியில் கிடந்த காயை எடுத்து மேஜையில் வைத்தாள். "கல்லறைத் திருநாளுக்கு நான் போனதே இல்லக்கா. பிள்ளைகளத்தான் அனுப்புவேன்."

எழுந்து, சூப்பர்வைசரிடம் அரைநாள் லீவு கேட்டாள். குழாயில் கையைக் கழுவி, சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். செருப்பைப் போட்டுக்கொண்டு என்னைத் தாண்டித்தான் போனாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. எங்கே போகிறாள் என்று யாரும் கேட்கவில்லை. கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற ரோட்டில் அவள் திரும்புவதை ஜன்னல் வழியாக எல்லாரும் பார்த்தோம்.

நான் பின்னால் போகவில்லை. அவள் இடத்தில் உட்கார்ந்து, அவள் பாதியில் விட்ட காயைப் பிரித்தேன். பக்கத்தில் இருந்த பெண்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். ஐந்து மணிக்கு மணி அடித்தது. பிரித்த காயைச் சூப்பர்வைசரிடம் கொடுத்து, புஷ்பத்தின் பெயரில் சேர்த்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

அம்மா